முடியாது என்று சொல்லத் தெரிந்த சாரதி

அன்பின் தம்பிக்கு,

சுன்னாகம் சந்தையில் பட்டா என்கிற சின்ன லொறி ஓடுகிற நீர், அடுத்ததாகக் கனரக லைசன் எடுக்கலாமோ, அதோடு என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் வேணுமோ, அந்தப் பேப்பர் இல்லாமலே எத்தனையோ பேர் லொறி ஓடுகிறார்களே என்று கேட்டிருந்தீர். இரண்டையும் எடும். ஆனால் எது எதற்கு என்று விளங்கிக்கொண்டு எடும்.

லைசன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உம்மிடம் இருக்கிற பி வகுப்பு 3,500 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் 17,000 கிலோ வரை சி1. அதையும் தாண்டினால் சி. பின்னால் இழுவைப் பெட்டி கொழுவினால் சிஇ. மருத்துவச் சான்றிதழ் வேண்டும், எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், பிறகு பரிசோதகருக்கு ஓடிக் காட்ட வேண்டும். உம்முடைய கைக்கு அதெல்லாம் பெரிய காரியமில்லை. என் குறை என்னவென்றால், பரீட்சைக்கு நிற்பது பெரும்பாலும் வெறும் லொறி. பத்துத் தொன் வெங்காயம் முதுகில் இருக்கும்போது அதே லொறி வேறு ஒரு வாகனம். அந்த வாகனத்தை ஓட உமக்குத் தெரியுமா என்று அந்த நாளில் யாரும் கேட்கப்போவதில்லை.

அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் முன்னர் கேட்டது கிளீனர் ஆசனம். காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தெற்கே சீமெந்து போனது. வலிகாமத்து வெங்காயமும் புகையிலையும் போயின. திரும்பும்போது அரிசியும் தேங்காயும் வந்தன. அந்த லொறிகளில் இடப்பக்கம் இருந்த பொடியன்தான் மூட்டை அடுக்கினான், படங்கு இழுத்துக் கட்டினான், ரயரைத் தடியால் தட்டிச் சத்தம் கேட்டான், முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான், றிவேர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுத்தான். சாரதி அவனுக்கு ஒன்றையும் உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏச்சுத்தான் பாடம். ஆண்டுக்கணக்கில் ஏச்சு வாங்கியவன் ஒருநாள் வெறும் லொறியை நடுராத்திரி நேர் வீதியில் கையில் வாங்குவான். அந்த முறையை நான் புகழவில்லை. அடி வாங்கி ஓடிப்போனவர்களும் உண்டு, சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் காணாதவர்களும் உண்டு. ஆனாலும் சுமையைப் பற்றி அறியாத ஒருவன் அந்த வழியால் வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது.

அந்தச் சங்கிலி 1990இல் அறுந்தது. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, ஏ9 வீதி பூட்டுப்பட்டது. 2002இல் திறந்தபோதும் ஓமந்தையிலும் முகமாலையிலும் மூட்டைகளை இறக்கிச் சோதித்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. 2006 ஆகஸ்டில் திரும்பவும் மூடினார்கள். குடாநாட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி ஓடிய ஒரு தலைமுறைக்கு நெடுந்தூரம் என்றால் என்னவென்று தெரியவில்லை. நெடுந்தூரம் தெரிந்தவர்கள் கிழண்டுபோனார்கள், அல்லது கனடாவுக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து வீதி திறந்ததும் வீடு கட்டவும் வீதி போடவும் மணலும் கல்லும் வேண்டியிருந்தது. நேற்றுவரை லான்ட் மாஸ்டர் ஓட்டியவன் இன்றைக்கு டிப்பரில் ஏறினான். டிப்பர் என்றால் எங்கள் சனம் ஏன் வீதியோரத்துக்கு ஓடுகிறது என்று யோசித்தீரென்றால், அந்தச் சாரதிகளின் குணத்தை மட்டும் பார்க்காதேயும். அவர்களுக்கு ஆசான் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி. வேகமாக ஓடினால்தான் கூடுதலாக ஒரு நடை.

இன்னொன்றும் எங்களில் ஊறிப்போய் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஏ40 காரைப் பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோம். அது பெரிய கெட்டித்தனம், மறுக்கமாட்டேன். ஆனால் எதையும் எப்படியும் ஓடவைக்கலாம் என்று பழகியவர்கள், இதை இன்றைக்கு ஓடத்தான் வேண்டுமா என்று கேட்பதில்லை. 2020 மார்ச்சிலிருந்து பல வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் வயசுபோன லொறிகள் இன்னும் வீதியில் நிற்கின்றன. டாக் போட்ட ரயரும் காற்றுக் கசிகிற பிறேக்குமாக ஒரு முதலாளி திறப்பை நீட்டுவார். அப்போது உமக்குத் தேவைப்படுவது கெட்டித்தனமல்ல.

சுமைக்கு வாறன். 2018 ஏப்ரல் 6இல் கனடாவின் சஸ்கற்சுவான் மாகாணத்தில் இரண்டு பெட்டி கொழுவிய ஒரு பாரவூர்தி, நிற்கச் சொன்ன பலகையைத் தாண்டிச் சந்திக்குள் போனது. ஹம்போல்ட் என்ற ஊரின் இளவயது ஐஸ் ஹொக்கி அணி வந்த பஸ் அதில் மோதி 16 பேர் செத்தார்கள். சாரதி வெறியில் இருக்கவில்லை, போனில் கதைக்கவில்லை. இரண்டு கிழமை முதலாளியோடு ஓடிவிட்டு, அப்போதுதான் தனியே ஓடத் தொடங்கியிருந்தவர். பின்னால் படங்கு கழன்று அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய கவனம் கண்ணாடியில் அதன்மேல் இருந்தது. பலகையை எச்சரிக்கும் அடையாளங்கள் வரிசையாக வந்தும் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. எட்டு வருடச் சிறை.

படங்கு கட்டுவதைக் கிளீனர் வேலை என்று எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லும்போது எனக்கு அந்தச் சந்திதான் நினைவுக்கு வரும். ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலேயே பாரவூர்தி லைசனுக்கு முன்னர் ஆகக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயமாகியிருந்தது; மற்ற மாகாணங்கள் பல விழித்தது இந்த விபத்துக்குப் பிறகு. கயிறு எங்கே உரசும், எந்த மூலையில் காற்றுப் புகும், எவ்வளவு தூரம் ஓடியபின் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும் என்பதெல்லாம் பயிற்சிப் பாடமாக இருக்கத் தகுதியான விஷயங்கள். வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரத்தில் ஒரு முறை நிறுத்தி இறங்கும். கயிறு முதல் குலுக்கத்தில்தான் தளரும்.

உயர்த்தி ஏற்றாதேயும். வாழைக்குலையும் பெட்டியும் பாரம் குறைவென்று வானம் முட்ட அடுக்குவார்கள். லொறி கவிழுவது பாரத்தால் மட்டுமல்ல, பாரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதாலும். தண்ணிப் பவுசர் கிடைத்தால் இன்னும் கவனம். நிறைந்த பவுசரைவிட அரைவாசி நிறைந்தது பொல்லாதது. வளைவில் லொறி திரும்பினாலும் உள்ளே தண்ணி திரும்பாது. அது பக்கவாட்டில் போய் அடித்த பிறகுதான் உமக்குத் தெரியவரும். முன்னும் பின்னும் அடிப்பதைக் குறைக்கிற தடுப்புத் தகடாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறும்.

குடாநாட்டில் பிறந்தவனுக்கு இறக்கம் தெரியாது. தம்புள்ளை வரைக்கும் அந்தக் குறை வெளியில் தெரியவராது. மாத்தளை தாண்டிக் கண்டிப் பக்கம் போகும்போதோ, கடுகண்ணாவையில் இறங்கும்போதோ எங்கள் பொடியள் பிறேக்கில் காலை வைத்தபடியே வருவார்கள். பிறேக் சூடேறி, மணக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ கிட்டத்தட்ட அதே கியரில் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்க முன்னரே மாற்ற வேண்டும், நடுவில் அல்ல. புகைப்போக்கி பிறேக் இருந்தால் அது அழகுக்கல்ல. 40இல் போகிற லொறி 60இல் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. நிறுத்தக் கரைக்க வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்கு. இதை எந்த லேர்னர்ஸிலும் கேட்டுப் பாரும், சொல்லித் தருபவர்கள் குறைவு. சோளகம் வீசுகிற மாதங்களில் ஆனையிறவிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் பக்கக் காற்றுக்குப் பயப்பட வேண்டியது வெறும் பெட்டி லொறி, பாரமேற்றியது அவ்வளவில்லை.

இனி நித்திரை. பகலெல்லாம் ஏற்றி, பின்னேரம் வெளிக்கிட்டு, விடிய முன் தம்புள்ளைச் சந்தைக்குள் நிற்க வேண்டும் என்பார்கள். ஏற்றும்போது நீரும் நின்றிருப்பீர். விழித்துப் 17 மணித்தியாலம் கடந்தவரின் கவனம் இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் கவனத்துக்குக் கிட்ட வருகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். வெற்றிலையும் பிளேன்டீயும் உம்மை விழித்திருக்கவைக்கலாம்; கவனத்தைத் திருப்பித் தரமாட்டா. மாங்குளம், புளியங்குளம் பக்கம் இருட்டில் மாடு படுத்திருக்கும். அதைக் காண்பதற்கும் கால் பிறேக்குக்குப் போவதற்கும் இடையிலுள்ள அரைச் செக்கன்தான் நித்திரை முதலில் தின்பது.

ஐரோப்பாவில் ஒரு சாரதி நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். வண்டியில் உள்ள கருவி அதைப் பதியும். அங்கே தொழில்முறைச் சாரதிக்கு லைசனுக்கு மேல் தனித் தகைமை ஒன்று உண்டு; முழுப் பயிற்சி 280 மணித்தியாலம், சுருக்கமானது 140, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியாலம் திரும்பப் படிக்க வேண்டும். பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கிற எங்கள் ஆட்களில் சிலர் இந்த 35 மணித்தியாலத்தைத் தண்டம் என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அலுப்பான வகுப்புகளாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சாரதி நிறுத்தினால் முதலாளி ஏச முடியாது. அவருக்குப் பின்னால் சட்டமும் கருவியும் தகைமையும் நிற்கின்றன. உமக்குப் பின்னால் படங்கு மட்டும்தான் நிற்கிறது.

அதனால்தான் என்விகியூவை எடும் என்கிறேன். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் ஏழு மட்டங்கள் கொண்ட ஒழுங்கு அது. நாலு வரைக்கும் கைத்தொழில், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மேசனுக்கும் வெல்டருக்கும் மின்னிணைப்பாளருக்கும் இருப்பதுபோலச் சாரதிக்கும் உண்டு. வகுப்பில் இருக்காமலே, செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகும் வழியும் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவின் அலுவலகத்தில் கேளும். அதற்கு ஆதாரம் வேண்டும். இன்றையிலிருந்தே ஒரு கொப்பி வைத்து, திகதி, வாகனம், சுமை, பாதை, என்ன பழுது கண்டீர், யாரிடம் சொன்னீர் என்று எழுதும். பட்டாவுக்கும் எழுதும். முதலாளியிடம் வருடா வருடம் சேவைக் கடிதம் வாங்கி வையும். கடை பூட்டுப்பட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

சான்றிதழ் கையில் இருப்பதால் எந்த முதலாளியும் அடுத்த நாளே சம்பளத்தைக் கூட்டமாட்டார், அப்படிச் சொல்பவரை நம்பாதேயும். சாரதி என்றால் படிப்பு ஏறாதவன் வேலை என்று நினைக்கிற ஊர் இது. கலியாணம் பேசப் போனால் தெரியும். ஆனால், “இந்த ரயரோடு எடுக்க முடியாது, ஐயா”, “இதுக்கு மேலே ஏத்த முடியாது”, “நாலு மணித்தியாலம் படுத்திட்டுத்தான் எடுப்பன்” என்று சொல்லும்போது, ஏன் என்று கேட்டால் காரணத்தைக் கிலோவிலும் அடியிலும் சொல்லத் தெரிந்தவனாக நிற்பீர். காரணம் தெரியாதவன் முடியாது என்றால் அது கள்ளம் பண்ணுவது மாதிரித்தான் கேட்கும். முதல் தடவை ஒரு நடை பறிபோகும். சில முதலாளிமார் வேறு ஆளை ஏற்றுவார்கள். அது நடக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்ளும்.

வெளிநாட்டு ஆசையும் உமக்கு இருக்கிறதென்று தெரியும். ருமேனியா, போலந்து என்று யாராவது பாஸ்போட்டைக் கேட்டால், அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பணியகத்திடமே கேட்டுப்பாரும், அவர் காட்டுகிற போட்டோக் கொப்பியை நம்பாமல். எங்கள் லைசனும் என்விகியூவும் மட்டும் அங்கே போதாது. நான் மேலே சொன்ன தகைமையை அங்கே எடுத்தாக வேண்டும். அதற்கான செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கும்.

சிங்களம் படியும். தம்புள்ளையில் விலை பேசுவதற்கு மட்டுமல்ல. விபத்து நடந்த இடத்தில் பொலிஸ் எழுதுகிற வாக்குமூலத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கையெழுத்து வைக்கக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றுகிறார். ஆறு மாதம் உம்மைக் கிளீனராக ஏற்றிப் போகச் சம்மதம் என்றார். இப்போது உழைப்பதில் பாதியும் வராது, மூட்டையும் தூக்க வேண்டும். ஆனால் அவர் ஏசமாட்டார், கேட்டால் சொல்லித் தருவார், முறிகண்டிக்கு அங்கால் வெறும் வீதியில் கையிலும் தருவார். விருப்பமென்றால் வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லும். வரும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும். செருப்போடு வந்தால் அவர் ஏற்றமாட்டார்.

அன்புடன்,
மருதனார்மடத்து மாமா