படமும் பாட்டும்

கேள்வி: தோட்டத்துப் பறவைகளையும் அந்தி வேளையையும் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் சிறு கவிதை எழுதுகிறேன். இரண்டும் இசைவது எப்படி?
– வாசகர் ஒருவர், களம்பூர்.

பதில்: சித்திரமும் கவிதையும் ஒருங்கே கைவரப்பெற்ற ஜப்பானியர் பூஸோன் (1716–1784) ‘ஹைகா’ என்னும் படக்கவிதையிலே சிறந்து விளங்கினார்; அந்நாட்டுக் கவிதையின் சுருக்கத்தைப் பாரதியார் 1916-இலேயே ‘சுதேசமித்திரன்’ இதழ் வாயிலாக நமக்கு அறிமுகம் செய்தார். ஆயினும் மாலைப் பொழுதை முல்லைக்கு உரியதாக்கி, நான்கு முதல் எட்டு அடிக்குள் ஓர் உள்ளத்தின் தாபத்தை அடக்கிக் காட்டிய குறுந்தொகை மரபு நமக்கு இன்னும் அணுக்கமானது.

செம்பருத்தியில் தேன்சிட்டு அமர்ந்திருப்பதைப் படமே காட்டிவிடுவதால், அதையே சொல்லில் மீண்டும் உரைப்பது வீண் பிரயாசை; மாறாக, படத்துக்குள் புகமுடியாத ஒன்றை, பட்டுத்தறியின் ஓசை அடங்கியபின் உங்கள் தெருவில் பரவும் மௌனத்தையோ, அவ்வேளையில் நினைவுக்கு வரும் ஒரு முகத்தையோ கவிதை ஏந்தி வருமானால், இரண்டும் ஒன்றையொன்று பூர்த்தி செய்யும். படத்தின் அழகை வியக்கும் அடைமொழிகளை அறவே தவிர்த்துவிடுங்கள்.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்களையும், ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற அவருடைய நூலையும் அவசியம் தேடிப் பாருங்கள்.