கை அரவை மிஷினுக்குக் குறைந்த செலவில் மோட்டார் பொருத்தலாம்

சேலம் – நாமக்கல் சாலையில் உள்ள புதுச்சத்திரம் சுற்று வட்டாரத்தில் பெரிய கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் அரைக்கப் பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஆனால் வீட்டில் இரண்டு கறவை மாடும் முப்பது, நாற்பது நாட்டுக் கோழியும் வைத்திருக்கும் விவசாயி தினமும் ஐந்தாறு கிலோ மக்காச்சோளத்தை உடைக்க மில்லுக்கு அலைய வேண்டியிருக்கிறது. முழுச் சோளத்தை மாட்டுக்குப் போட்டால் அதில் ஒரு பகுதி சீரணமாகாமல் சாணத்தோடு வெளியே வந்துவிடும். உடைத்ததைக் கடையில் வாங்கினாலோ அது பூஞ்சை பிடித்த தானியமா, நல்ல தானியமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கோழிகளின் ஈரலைக் கெடுக்கும், முட்டையும் குறையும். ஆகவே முழுத் தானியமாக வாங்கி, பார்த்து, பொறுக்கி, வீட்டிலேயே உடைப்பதுதான் நல்லது.

கையால் சுற்றும் இரும்பு அரவை மிஷின் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. மக்காச்சோளம் கடினமான தானியம் என்பதால் கால் மணி நேரம் சுற்றினால் தோள் விட்டுப்போகும். இந்த மிஷினுக்கே ஒரு அரைக் குதிரைசக்தி மோட்டாரைப் பூட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது. தொடர்ந்து வேலை செய்யும் ஒரு ஆளின் சக்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குதிரைசக்திதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அரைக் குதிரைசக்தி தாராளம் என்பது விளங்கும்.

ஆனால் மோட்டாரை மிஷினோடு நேராக இணைத்தால் ஓடாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிமிடத்துக்கு 1,440 முறை சுற்றும் அரைக் குதிரைசக்தி மோட்டாரின் முறுக்கு விசை, 25 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குத்தான் சமம். அந்த விசைக்குச் சோளம் உடையாது. வேகத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தால் விசை எட்டு மடங்காகும். பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால் பன்னிரண்டு மடங்கு. பெல்ட்டில் கொஞ்சம் வீணாவதைக் கழித்தாலும் போதுமானது மிஞ்சும். வேகம் குறைவதால் இன்னொரு நன்மையும் உண்டு. கைக்காகச் செய்த மிஷினை வேகமாக ஓட்டினால் அரைக்கும் தட்டுகள் சூடேறும், மாவு கருகிய வாடை அடிக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 180 சுற்று வரை போதும். அதற்கு மேல் வேண்டாம். 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லின் வேலையை மோட்டாருக்குக் கொடுத்துக் கிரைண்டர் செய்தார் அல்லவா? சாய்க்கும் கிரைண்டரின் அடியில் பார்த்தால், சிறிய புல்லியும் பெரிய புல்லியும் பெல்ட்டுமாக இதே கணக்குதான் இருக்கும்.

அந்தச் சாய்க்கும் கிரைண்டரின் பழைய மோட்டாரே நமக்கு ஏற்றது. கடையில் வாங்கும்போது மோட்டாரின் மேலுள்ள தகட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். அரை ஹெச்.பி., ஒரு பேஸ், 1,440 அல்லது அதை ஒட்டிய சுற்று என்று இருந்தால் சரி. வீட்டுத் தண்ணீர்ப் பம்பின் மோட்டார் பெரும்பாலும் 2,880 சுற்று. வேகத்தைக் குறைப்பது இரு மடங்கு வேலை. மிக்சி மோட்டார், மேசைக் கிரைண்டர் மோட்டார், மின்விசிறி மோட்டார் இவை எதுவும் உதவாது. காற்றுத் துளைகள் திறந்திருக்கும் மோட்டாரைவிட, மூடிய உடலும் பின்புறம் விசிறியும் உள்ள மோட்டார் மேல். மாவுத் தூசி உள்ளே போய் அடையாது.

மோட்டாரில் 3 அங்குலப் புல்லியைப் போடுங்கள். இதைவிடச் சிறிய புல்லியில் பெல்ட் அதிகம் வளைந்து சீக்கிரம் வெடித்துவிடும். பெரிய சக்கரத்துக்குச் செலவில்லாத வழி, பழைய சைக்கிளின் பின்சக்கரம். டயர், டியூபை எடுத்துவிட்டால் ரிம்மின் பள்ளத்தில் 'ஏ' வகை பெல்ட் உட்காரும். முன்சக்கரம் வேண்டாம், நம் நாட்டுச் சாதாரண சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. மிதிக்கும் விசையைத் தாங்குவதற்கென்றே கட்டியது பின்சக்கரம். ரிம் சுமார் 24 அங்குலம் என்றால் 1,440 சுற்று எட்டில் ஒரு பங்காகி 180 ஆகிவிடும். அச்சையும் பால்ரசையும் கழற்றிவிட்டு, லேத்தில் ஒரு புஷ் கடைந்து, ஹப்போடு பற்றவைத்து, மிஷினின் கைப்பிடி இருந்த ஷாப்டில் அசையாமல் பூட்ட வேண்டும். பெல்ட் வாங்குமுன் ஒரு கயிற்றை இரண்டு சக்கரத்தையும் சுற்றி இழுத்து அளந்து கொள்ளுங்கள். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் மையத்துக்கு மையம் இரண்டரை அடி இருந்தால் சுமார் 105 அங்குல பெல்ட் வேண்டியிருக்கும்.

தினமும் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியவர்களுக்குச் சைக்கிள் சக்கரம் போதாது. அவர்கள் நடுவில் ஒரு ஷாப்ட் வைத்து, 3 அங்குலத்திலிருந்து 12-க்கும், மறுபடி 3 அங்குலத்திலிருந்து 9-க்கும் பெல்ட் போட்டால் 1,440 முதலில் 360 ஆகி, பிறகு 120 ஆகும். செலவு கூடும், ஆனால் நெடுநாள் நிற்கும்.

சட்டத்தில் செலவைக் குறைக்கலாம். நாமக்கல்லில் லாரி கூண்டு கட்டும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. வெட்டி மிஞ்சிய ஆங்கிள் துண்டுகளே இந்த வேலைக்குப் போதும். மோட்டார் உட்காரும் இடத்தில் போல்ட் துளையை நீளமாக வெட்டினால் பெல்ட் தளரும்போது மோட்டாரைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கலாம். செலவைக் குறைக்கக் கூடாத இடம் பேரிங். கை மிஷினின் ஷாப்ட் வெறும் வார்ப்பிரும்புத் துளையில்தான் சுற்றுகிறது. பெல்ட் பக்கவாட்டில் இழுத்தால் அந்தத் துளை சில மாதங்களில் முட்டை வடிவமாகத் தேய்ந்து, தட்டுகள் கோணலாகும். ஆகையால் ஷாப்டை நீட்டி, சக்கரத்துக்கு வெளிப்புறம் ஒரு பிளம்மர் பிளாக் பேரிங் வைத்தே தீர வேண்டும்.

சுற்றும் திசை கையால் சுற்றிய அதே திசையாக இருக்க வேண்டும். மாறிச் சுற்றினால் உள்ளிருக்கும் திருகு தானியத்தைத் தட்டுக்குத் தள்ளாமல் பின்னுக்குத் தள்ளும். எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளையும் மாற்றித் திசையைத் திருப்பித் தருவார். எர்த் இணைப்பும், கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாமல் ஓட்டக் கூடாது. சக்கரத்தையும் பெல்ட்டையும் தகரத்தாலோ வலையாலோ முழுவதும் மூடிவிடுங்கள். சேலை முந்தானையும் துண்டும் ஆரத்தில் மாட்டினால் இழுத்துக்கொண்டு போய்விடும். குழந்தைகள் விளையாடும் தாழ்வாரத்தில் இதை வைக்கவே வேண்டாம்.

தட்டுகளைத் தளர்த்தி, தானியம் போடாமல் மோட்டாரை ஓட விட்டு, வேகம் பிடித்த பிறகுதான் சோளத்தைக் கொட்ட வேண்டும். பிறகு தட்டை மெல்ல இறுக்கலாம். தட்டும் தட்டும் உரசும் சத்தம் கேட்டால் உடனே தளர்த்துங்கள். சிக்கிக்கொண்டு மோட்டார் உறுமினால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கையை வைக்க வேண்டும். தானியத்தைச் சலித்துப் போடுவதோடு, கொட்டும் வாயில் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒட்டிவைத்தால் ஆணி, கம்பித் துண்டுகளை அது பிடித்துக்கொள்ளும்.

பெரிய கோழிகளுக்கு ஒரு மணி மூன்று, நான்கு துண்டாக உடைந்தால் போதும். குஞ்சுகளுக்குக் குருணையாக வேண்டும். மாவாக்கினால் கோழிகள் ஒதுக்கிவிடும். ஆட்டுக்கு உடைக்க வேண்டியதில்லை, அது தானாகவே நன்றாக மென்றுவிடும். சோளத்தை வெயிலில் 12, 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து, ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் உடையுங்கள். உடைந்த தானியம் முழுத் தானியத்தைவிடச் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்.

இந்த மோட்டார் மணிக்கு அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக இழுக்கும். மின்சாரத்தை வீட்டு இணைப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிணற்று மோட்டாருக்காகக் கொடுத்த இலவச மின் இணைப்பிலிருந்து எடுப்பது விதிமீறல். அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்கு உடைத்துத் தர நினைப்பவர்கள் முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து, அதற்குரிய இணைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும்.