எரிவாயுச் சீட்டும் நிறையும்

போடிநாயக்கனூர் ஏல மையத்திற்கு ஏலக்காய் கொண்டுசெல்லும் நம் சிலமலைப் பகுதி விவசாயி, நிறையில் ஐம்பது கிராம் குறைத்து எழுதினால் பொறுப்பாரா? நூல் வாங்கும் நெசவாளர் எடை பாராமல் கையெழுத்திடுவாரா? மாட்டார். ஆயினும் அவர்கள் வீட்டு வாசலில் சமையல் எரிவாயுச் சிலிண்டர் இறங்குங்கால், நாம் நிறையும் பார்ப்பதில்லை, சீட்டும் படிப்பதில்லை. இக்குறையை நாம் களைதல் வேண்டும்.

முதலாவது, நிறை. வீட்டு உபயோகச் சிலிண்டரில் இருக்கவேண்டிய வாயு 14.2 கிலோ. வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் மேற்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அது 15.8 கிலோ எனில், நிறைந்த சிலிண்டர் 30 கிலோ இருத்தல் வேண்டும். முத்திரை உடையாதிருக்கிறதா என்று பார்த்து, நிறுத்துக் காட்டுமாறு கேட்பது நமது உரிமை. அங்கேயே மறுபரிசோதனைக்குரிய காலமும் குறிக்கப்பட்டிருக்கும். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். பக்கத்திலுள்ள எண் ஆண்டு. காலம் கடந்த சிலிண்டரை ஏற்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, சீட்டு. அடிப்படை விலையுடன் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேரும், அதிற் பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் உரியது. அடிப்படை விலை 800 ரூபாய் என்று கொண்டால், வரி 40; நாம் தரவேண்டியது 840. சீட்டில் இல்லாத தொகையைக் கொண்டுவருபவர் கேட்டால், அதைக் கொடுக்கக் கடமையில்லை. ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் மிகுதியாகக் கொடுத்தால், ஆண்டுக்குப் பத்துச் சிலிண்டருக்கு 500 ரூபாய் போய்விடும். கிடங்கிற்கே சென்று எடுத்துவருவோர் கொண்டுதரும் கூலியைக் கழித்துத் தரும்படி கேட்கலாம். அடுப்பை முகவரிடமே வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மானியம் பெறுவோர் முழு விலையையும் செலுத்துதல் வேண்டும். 2015 முதல் மானியம் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. ஆதலின் கணக்குப் புத்தகத்தையும் சரிபார்த்தல் நலம்.

மூன்றாவது, முறையீடு. குறை கண்டால் முதலில் முகவரிடம் எழுத்தில் தெரிவித்து, சீட்டைப் பத்திரப்படுத்துவோம். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை கட்டணமில்லை. வாயு கசிந்தால் மட்டும் கணமும் தாமதியாது, விளக்கு விசை எதையும் தொடாது, 1906-ஐ அழைக்க வேண்டும்.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலர் உள்ளிட்ட 28 பேர் கடை தொடங்கியபோது, குறையாத நிறையைத் தம் கொள்கைகளுள் ஒன்றாக வைத்தனர். கூட்டுறவின் அந்த முதற்பாடம் நம் அடுக்களை வரையிலும் செல்லட்டும். அடுத்த சிலிண்டர் வரும் நாளில், வீட்டுப் பெண்மணிகளும் பிள்ளைகளும் கூடி நின்று ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம்.