அழிந்ததா, மறைந்ததா?

நுழையும்முன்

ஓலையிலும் தாளிலும் எழுதப்பட்டவை கண்ணுக்குத் தெரிந்தன. கரையான் அரித்தபோதும் எஞ்சியது எதுவெனக் காண முடிந்தது. இன்றோ எழுத்தும் கணக்கும் ஒளிப்படமும் கணினி வட்டுக்குள் கண்ணுக்குப் புலப்படாத குறிகளாக உறைகின்றன. ஒருநாள் கணினி இயங்க மறுத்தால், அவை அழிந்தனவா, மறைந்தனவா என்னும் வினா எழுகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தவரே இழந்ததை மீட்க இயலும்.

கணினி விழித்தெழும் முறை

மின்விசையை அழுத்தியவுடன் கணினி தன் உறுப்புகளைச் சோதித்துக்கொள்கிறது. பின்னர், பயாஸ் என்னும் அடிப்படை நிரல்வழித் தொடங்கும் கணினிகளில், அந்நிரல் வன்வட்டின் முதற் கூறினைப் படிக்கிறது. ‘செக்டார்’ எனப்படும் அக்கூறின் அளவு 512 பைட்டுகளே. அதன் முதல் 446 பைட்டுகளில் கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் உள்ளது. அடுத்த 64 பைட்டுகளில் வட்டின் பிரிவு அட்டவணை உள்ளது. இறுதி இரண்டு பைட்டுகள், இக்கூறு செல்லத்தக்கது என்பதற்கான முத்திரை.

ஒரு பெரிய வட்டினைப் பல அறைகளாகப் பகுத்துப் பயன்படுத்துவது வழக்கம். ஒவ்வோர் அறையும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்பதைப் பிரிவு அட்டவணை கூறுகிறது. ஒரு பிரிவுக்கு 16 பைட்டு வீதம் நான்கு முதன்மைப் பிரிவுகளை மட்டுமே அது குறிக்கும். பல இலட்சம் கோப்புகளுக்குச் செல்லும் வழி, இச்சிறு குறிப்பிலிருந்தே தொடங்குகிறது.

மறைவும் அழிவும்

திடீர் மின்தடை, நச்சுநிரல், இயக்க அமைப்பினை நிறுவும்போது நேரும் கவனக்குறைவு, வட்டின் தேய்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் இவ்வட்டவணை சிதையலாம். அப்போது கணினி தொடங்காது. வேறொரு கணினியில் இணைத்தாலும் வட்டு வெற்றிடமாகவே தோன்றும். பத்தாண்டு ஒளிப்படங்களும், மறைந்துவிட்ட பாட்டியின் குரற்பதிவும் அதில் இருந்திருக்கலாம். ஆயினும் அவை அழிந்துவிடவில்லை. பொருளடக்கப் பக்கம் கிழிந்துபோன நூலில் இயல்கள் அப்படியே இருப்பதுபோல, அவையும் வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

உண்மையான அழிவு பெரும்பாலும் அதன் பின்னரே நேர்கிறது. ‘இவ்வட்டினை வடிவமைக்க வேண்டுமா?’ என்று கணினி கேட்கும்போது, பதற்றத்தில் ‘ஆம்’ என்பர் சிலர். இயக்க அமைப்பினை மீண்டும் அதே வட்டில் நிறுவுவர் வேறு சிலர். பழைய குறிகளின்மேல் புதிய குறிகள் எழுதப்பட்டபின், அவ்விடத்தில் இருந்ததை எம்மென்பொருளாலும் மீட்க இயலாது.

முதற்பணி

ஆகவே, மீட்பின் முதல் விதி அவ்வட்டில் எதையும் எழுதாதிருத்தல். வட்டிலிருந்து ‘டக் டக்’ என்னும் ஒலி எழுந்தால், அதன் உட்பொறி பழுதுற்றிருக்கலாம். உடனே மின்இணைப்பைத் துண்டித்து, துறை வல்லுநரிடம் ஒப்படைப்பதே தகும். ஒலி ஏதுமின்றி, வட்டின் பெயரையும் கொள்ளளவையும் பயாஸ் சரியாகக் காட்டினால் நம்பிக்கைக்கு இடமுண்டு. சில வேளைகளில் தளர்ந்த இணைப்புக் கம்பியோ, மாறிப்போன தொடக்க வரிசையோ மட்டுமே சிக்கலாக இருக்கும்.

அடுத்து, விரலியிலிருந்து நேரடியாக இயங்கும் லினக்ஸ் அமைப்பினைக் கொண்டு கணினியைத் தொடங்கி, பழுதுற்ற வட்டின் முழுநகலை வேறொரு பெரிய வட்டில் எடுக்க வேண்டும். ‘டிடிரெஸ்கியூ’ என்னும் கட்டற்ற மென்பொருள், நலமான பகுதிகளை முதலில் படியெடுத்துவிட்டு, பழுதான பகுதிகளைப் பின்னர் முயல்கிறது. தேடலும் சோதனையும் இந்நகலின் மீதே நிகழ்ந்தால், தவறு நேரினும் மூலம் காக்கப்படும்.

தடயங்களைத் தேடுதல்

கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய ‘டெஸ்ட்டிஸ்க்’, தொலைந்த பிரிவுகளைத் தேடும் கட்டற்ற மென்பொருளாகும். அது பிரிவு அட்டவணையை நம்புவதில்லை. வட்டினைத் தொடக்கமுதல் துருவிச்செல்கிறது. ஒவ்வொரு பிரிவும் தன் தலைப்பில் தன் வகையையும் அளவையும் பொறித்து வைத்துள்ளது. என்டிஎஃப்எஸ் வகைப் பிரிவு தன் தலைப்புக் கூறின் படியொன்றைத் தன் இறுதியிலும் வைத்துள்ளது. இத்தகைய தடயங்களைக் கொண்டு பிரிவின் எல்லை கணிக்கப்படுகிறது. கண்டறிந்த பிரிவிலுள்ள கோப்புகளின் பட்டியலைப் பார்த்து, அவை முறையாக உள்ளன எனத் தெளிந்த பின்னரே புதிய அட்டவணையை எழுத வேண்டும்.

தலைப்பும் சிதைந்திருந்தால், கோப்புகளையே அவற்றின் அடையாளத்தால் தேடலாம். ஜேபெக் ஒளிப்படம் ஒவ்வொன்றும் பதினாறடிமான முறையில் எஃப்எஃப் டி8 என்னும் குறியுடன் தொடங்கும். ‘ஃபோட்டோரெக்’ இவ்வழியில் மீட்கிறது. ஆனால், கோப்பின் பெயரும் அது இருந்த கோப்புறையும் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை. பல துண்டுகளாகச் சிதறிய கோப்புகள் முழுமையாக மீளாமலும் போகலாம்.

மீட்பின் எல்லை

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டுகளில், அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தை வட்டே துப்புரவு செய்துவிடும் ‘டிரிம்’ என்னும் ஏற்பாடு உண்டு. எனவே, அவற்றில் அழித்தவற்றை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மறையாக்கம் செய்யப்பட்ட வட்டோ, உரிய திறவுகோல் இல்லாமல் திறவாது.

கருவியின் திறனுக்கு எல்லை இருப்பதால்தான் முன்னெச்சரிக்கை இன்றியமையாததாகிறது. 1998ஆம் ஆண்டு, ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டத் திரைப்படம் உருவாகிவந்தபோது, தவறான ஒரு கட்டளையால் அதன் கோப்புகள் பெருமளவில் அழிந்தன. காப்புநகல்களும் உரியவாறு செயற்படவில்லை. தொழில்நுட்பப் பொறுப்பாளர் கேலின் சஸ்மன், வீட்டிலிருந்து பணிபுரிவதற்காக வைத்திருந்த கணினியில் இருந்த நகலே பெரிதும் கைகொடுத்தது. காப்புநகல் எடுத்தல் மட்டும் போதாது. அது திறக்கிறதா என அவ்வப்போது சோதித்தலும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முதன்மையான கோப்புகளுக்கு மூன்று படிகள், இருவகைக் கருவிகளில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது கணினித் துறையினர் போற்றும் நெறி. வட்டு பழுதுறுவது இயல்பு. அதனுடன் நினைவுகளும் தொலையவேண்டும் என்பதில்லை. இழப்பு நேர்ந்தபோது கையை அடக்கும் பொறுமையும், நேருமுன் நகலெடுத்துவைக்கும் பழக்கமும் உடையவர், மறைந்ததை அழிந்ததாக்கிவிடும் தவற்றிலிருந்து தப்புவர்.

தெரிந்து தெளிவோம்

1983இல் வெளிவந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் வன்வட்டு 10 மெகாபைட் கொள்ளளவே உடையது. வட்டினைப் பிரிவுகளாகப் பகுக்கும் முறை, அதனுடன் வந்த டாஸ் 2.0 பதிப்பில் அறிமுகமானது. அவ்வட்டவணையால் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைக் குறிக்க இயலாது. அதன் இடத்தில் இன்று பயன்படும் ‘ஜிபிடி’ முறை, அட்டவணையின் இரண்டாம் படியை வட்டின் இறுதியில் வைத்துக் காக்கிறது.