அம்மா எடுத்த படம்: ஒரு மொழிப்பாட அனுபவம்

ஆறாம் வகுப்பில் ‘எங்கள் வீட்டு விலங்கு’ என்ற தலைப்பில் பத்து வரிகள் எழுதச் சொன்னேன். 28 பேர் எழுதினார்கள். பெரும்பாலான ஏடுகளில் முதல் வரி, ‘பசு ஒரு வீட்டு விலங்கு’. இரண்டாம் வரி, ‘அதற்கு நான்கு கால்கள் உண்டு’.

நான் பணியாற்றுவது புதுக்கோட்டை மாவட்டத்தில், மழையை நம்பிக் கடலை போடும் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில். விடிந்ததும் சாணி அள்ளிவிட்டு, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இவர்கள். பசுவுக்கு எத்தனை கால்கள் என்று அவர்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு கன்று போட்ட இரவில் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அது ஏட்டில் எழுதத் தகுந்த செய்தி என்று அவர்கள் நினைக்கவில்லை. அப்படி நினைக்கும்படி நானும் கற்பித்திருக்கவில்லை.

அடுத்த வாரம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவனின் தாய் என்னிடம் வந்தார். அந்த மாணவன் வகுப்பில் வாய் திறப்பதே அரிது. கட்டுரையிலும் நான்கு வரிகளோடு நின்றிருந்தான்.

“இவன் பேசவே மாட்டேங்குறான்னு சொன்னீங்களே டீச்சர், இதைப் பாருங்க” என்று தன் கைப்பேசியை நீட்டினார். படத்தில் அவன் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் குந்தியிருக்கிறான். மடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. ஒரு கையில் பால் புட்டி. வாய் திறந்திருக்கிறது. குட்டியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

“இவங்க அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு. அவருக்கு அனுப்ப எடுத்தேன். சிங்காரிச்சு நிக்க வச்சு எடுக்காத, இருக்கிற மாதிரியே எடுத்து அனுப்புன்னு சொல்லுவாரு” என்றார் அவர்.

‘இருக்கிற மாதிரியே’ என்ற அந்தச் சொல்லில் இருந்துதான் இந்தப் பாடம் தொடங்கியது.

இரண்டு தாய்மார்கள்

வகுப்புக்குள் போகுமுன், இப்படிப் படம் எடுத்த தாய்மார்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இருவரைப் பற்றிய செய்திகள் பாடத்துக்கு உதவின.

முதலாமவர் ரஷ்யாவைச் சேர்ந்த எலெனா ஷுமிலோவா. 2012-இல்தான் கேமரா வாங்கிப் படம் எடுக்கத் தொடங்கினார். மாஸ்கோவுக்கு வடமேற்கே த்வேர் வட்டாரத்தில் உள்ள பண்ணை வீட்டில் தம் சிறு மகன்களையும், அங்கிருந்த நாய், பூனை, முயல், வாத்துக் குஞ்சு ஆகியவற்றையும் எடுத்தார். 2014-இன் தொடக்கத்தில் அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின. காலைப் பனிமூட்டம், மாலை வெயில், மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று கிடைக்கும் ஒளியையே அவர் பெரிதும் பயன்படுத்தினார். அந்தப் படங்களின் ஒளியும் நிறமும் பிறகு கணினியில் செம்மைப்படுத்தப்பட்டவை. இதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தம் வீடு அவ்வளவு அழகாக இல்லையே என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள்.

இரண்டாமவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். பல பிள்ளைகளுக்குத் தாய். 1863-ஆம் ஆண்டின் இறுதியில், அவருக்கு 48 வயதாக இருந்தபோது, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவர் இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்தார். வீட்டின் நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். பிள்ளைகளுக்கென்று விட்டிருந்த, கண்ணாடி போட்ட கோழிக்கொட்டகையைப் படம் எடுக்கும் இடமாக மாற்றினார். 1864 ஜனவரியில் ஒரு சிறுமியை எடுத்த படத்தையே தம் முதல் வெற்றி என்று குறிப்பிட்டார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் வேதிக்கரைசல் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தாக வேண்டும். எதிரில் இருப்பவர் பல நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க நேரும். 1875-இல் அவர் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் உள்ளூர் மக்களைப் படம் எடுத்தார். 1879-இல் அங்கேயே காலமானார்.

கோழிக்கொட்டகையில் படம் எடுத்த பாட்டியின் கதையைச் சொன்னபோது, “கோழியெல்லாம் எங்க போச்சு டீச்சர்?” என்றுதான் முதலில் கேட்டார்கள். கேமரனும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கோழிகள் விடுதலை பெற்றன, யாரும் சமைத்துத் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பு சிரித்தது.

வகுப்பறையில் செய்தது

முதல் பாடவேளையில் வீட்டுக்கு ஒரு வேண்டுகோளைச் சொல்லி அனுப்பினேன். அம்மா ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். பிள்ளையும் வீட்டில் வளரும் உயிர் ஒன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்று குறிப்புகள் கொடுத்தேன்.

1. உடை மாற்ற வேண்டாம். ‘இங்கே பார், சிரி’ என்று சொல்ல வேண்டாம். பிள்ளை தன் வேலையில் இருக்கும்போது எடுக்கலாம்.

2. நின்றுகொண்டு எடுக்காமல், பிள்ளையின் கண் உயரத்துக்குக் குனிந்தோ உட்கார்ந்தோ எடுக்கலாம். மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் உடல் சிறிதாகவும் தெரியும்.

3. காலை அல்லது மாலை வெயிலில் எடுக்கலாம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். ஃபிளாஷ் வேண்டாம், ஆடு மாடு மிரளும்.

இரண்டாம் பாடவேளையில் வந்த படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகள். என்ன தெரிகிறது? அதிலிருந்து என்ன ஊகிக்கிறாய்? படத்துக்கு வெளியே என்ன இருக்கிறது?

ஒரு படத்தில் பஞ்சாரத்துக்கு அருகே ஒரு சிறுமி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“அவ சோகமா இருக்கா” என்றான் ஒருவன்.

“சோகம் உன் கண்ணுக்குத் தெரியுதா?” என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். “இல்ல டீச்சர். கன்னத்துல கை வச்சிருக்கிறதுதான் தெரியுது.”

படத்தில் இருந்த சிறுமியே விளக்கினாள்: “சோகம் இல்ல டீச்சர். அஞ்சாவது குஞ்சு இன்னும் உள்ள போகல. அது வரட்டும்னு உட்கார்ந்திருந்தேன்.”

பார்ப்பதற்கும் ஊகிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது. படித்துப் பொருள் உணர்வதற்கும், அறிவியலில் உற்றுநோக்கலைப் பதிவு செய்வதற்கும் இதுவே அடிப்படை.

மூன்றாம் பாடவேளையில் எழுதினோம். எழுதுமுன் அருகில் இருப்பவரிடம் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அவர்கள் பேசும்போது வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். பஞ்சாரம், கழுநீர், தும்பு, மூக்கணாங்கயிறு, சீம்பால், அசைபோடுதல், ஈற்று என்று பலகை நிறைந்தது. இவற்றில் பல, கட்டுரை ஏடுகளில் நான் ஒருபோதும் பார்த்திராத சொற்கள். ஒரே ஒரு தடை விதித்தேன். ‘ஒரு வீட்டு விலங்கு’ என்று தொடங்கக் கூடாது.

ஆட்டுக்குட்டிப் படத்தின் மாணவன் எழுதியது இது. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

“குட்டி போட்டதும் தாய் ஆடு செத்துப்போச்சு. அம்மா புட்டியில் பசும்பால் ஊற்றித் தந்தது. குட்டி குடிக்கவில்லை. நான் விரலைப் பாலில் நனைத்து வாயில் வைத்தேன். விரலைச் சப்பியது. பிறகு புட்டியில் குடித்தது. நான் அதுகூடப் பேசிக்கொண்டே இருப்பேன். அது என்னைக் கேள்வி கேட்காது.”

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். ஜூன் மாதம் முதல் அவனிடம் நான் பேசியதை நினைத்துப் பார்த்தேன். எல்லாமே கேள்விகள்தாம்.

நான் செய்த தவறு

இந்தப் பாடத்தில் ஒரு பிழையும் செய்தேன். ‘அம்மா எடுத்த படம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய அம்மாச்சி பள்ளிக்கு வந்தார்.

“டீச்சர், அம்மா எடுத்த போட்டோ கேட்டீங்களாம். இவ அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. மாசத்துக்கு ஒருக்காதான் வருவா. எங்கிட்ட பட்டன் போன்தான் இருக்கு. பிள்ளை ரெண்டு நாளா அழுதுக்கிட்டு கெடக்கு.”

அவள் தாய் வெளியூரில் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நினைக்காமல் விட்டுவிட்டேன். “தப்பு என்னோடதுதான் அம்மாச்சி. போட்டோ வேணாம். நாளைக்கு அவளை அனுப்பி வைங்க” என்றேன்.

மறுநாள் வகுப்பு முழுவதற்கும் வேறு பணி கொடுத்தேன். தலைப்பு, ‘எடுக்கப்படாத படம்’. உன் கையில் அன்று கேமரா இருந்திருந்தால் எந்த நொடியை எடுத்திருப்பாய்? அதில் யார் யார் இருப்பார்கள்? எங்கிருந்து வெளிச்சம் வரும்? படம் வரையலாம், அல்லது எழுதலாம். இதற்குக் கைப்பேசி தேவையில்லை.

அந்த மாணவி எழுதினாள்: “விடியக்காலை முதல் பஸ்ஸில் அம்மா வரும். எங்கள் நாய் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். அம்மா வரும்போது குரைக்காது. நான் எழுவதற்குள் அது தெருமுனைக்குப் போய்விடும். நாய்க்குப் பின்னால் நான் ஓடுவதைப் படம் எடுக்க வேண்டும். அம்மாச்சிதான் எடுக்க வேண்டும்.”

அந்த வாரத்தில் வந்த எழுத்துகளில் இதைத்தான் வகுப்பு மீண்டும் படிக்கச் சொன்னது. கைப்பேசிப் படத்தைவிட எடுக்கப்படாத படம் பல பிள்ளைகளை நன்றாக எழுத வைத்தது. இனி இந்தப் பாடத்தை நடத்தினால் இதிலிருந்தே தொடங்குவேன். ‘அம்மா’ என்று சொல்ல மாட்டேன். ‘வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்பவர்’ என்பேன்.

படத்தில் இல்லாதவர்

எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்த்த நாளில் ஒரு மாணவி, “ஒரு படத்துலகூட அம்மா இல்லையே டீச்சர்” என்றாள். “அம்மாதானே எடுத்தாங்க, எப்படி இருப்பாங்க?” என்றான் ஒருவன். இன்னொருவன் எழுந்து தன் படத்தைச் சுட்டிக் காட்டினான். கன்றுக்குட்டியின் முன்னால் மண்ணில் நீளமாக ஒரு நிழல். “எங்க அம்மா இருக்கு டீச்சர்.” மாலை வெயில் முதுகுப்பக்கம் இருந்தால் நிழல் முன்னால் நீளும் என்பதை அங்கேயே பேசினோம்.

அடுத்த பணி தானாக அமைந்தது. அம்மாவையோ அம்மாச்சியையோ வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் எடுக்க வேண்டும். ஆனால் முதலில் ‘எடுக்கட்டுமா?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. ஆறு பேரின் வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த ஆறு பேரும் அம்மா செய்யும் ஒரு வேலையை எழுதி வந்தார்கள்.

கேட்டுவிட்டுத்தான்

‘எடுக்கட்டுமா’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நான், வகுப்புப் படங்களை என் வாட்ஸ்அப் நிலைப்பதிவில் கேட்காமலேயே போட்டுவந்தவள். சுவரில் ஒட்ட வைத்திருந்த ஒரு படத்தைத் தரும்படி ஒரு தாய் கேட்டார். பின்னால் இடிந்த சுவர் தெரிகிறது, நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். உடனே கொடுத்துவிட்டேன். அன்றோடு நிலைப்பதிவில் போடுவதையும் நிறுத்தினேன்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, வழக்கில் தொடர்புடைய குழந்தைகளையும் பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளையும் அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதைத் தடை செய்கிறது.

நாங்கள் வகுப்பில் பின்பற்றிய நடைமுறை எளிது.

படம் வகுப்பறைக்குள் மட்டும் காட்டப்படும். பாடம் முடிந்ததும் என் கைப்பேசியில் இருந்து நீக்கப்படும். பிள்ளையும் பெற்றோரும் இருவருமே சம்மதித்தால்தான் சுவரில் ஒட்டப்படும். குளிக்கும்போதும், உடை சரியில்லாதபோதும், அழும்போதும் எடுத்த படங்கள் வேண்டாம். கைப்பேசிப் படத்தோடு எடுத்த இடத்தின் விவரமும் பதிவாகக்கூடும் என்பதால், கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்து வைக்கும்படி பெற்றோரிடம் சொன்னேன்.

பிற வகுப்புகளுக்கு

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இதை வாய்மொழிப் பயிற்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். படத்தைக் காட்டி மூன்று வாக்கியம் சொன்னால் போதும். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் படத்துக்கு ஒரு வரித் தலைப்பு எழுதச் சொல்லலாம். உயர்நிலை வகுப்புகளில் ஒரே படத்தைத் தாய், பிள்ளை, விலங்கு என மூவரின் பார்வையில் எழுதச் செய்யலாம். அறிவியல் ஆசிரியர் நிழலின் நீளத்தையும், கணித ஆசிரியர் அதன் விகிதத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டுக்குட்டி வளர்த்த மாணவனிடம் இப்போதெல்லாம் கேள்வியோடு தொடங்குவதில்லை. என் வீட்டுப் பூனை அடுப்படியில் செய்த வேலையை ஒருநாள் அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு ஏடுகளைத் திருத்தத் தொடங்கினேன். சிறிது நேரம் மேசையருகிலேயே நின்றான்.

“அதுக்குக் குட்டி இருக்கா டீச்சர்?” என்று கேட்டான்.