மற்ற நால்வரைப் பாருங்கள்



புத்தளம் மாவட்டத்தில் சிலாபம், மாரவில, வென்னப்புவ என்று பாடசாலைக் கூடைப்பந்து நடக்கும் இடமெல்லாம் போய், பல்கலைக்கழக அணிக்கு ஏற்ற ஒரு கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பகிரும் ஆட்டக்காரரை, தேடும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். நம் கரையோரத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்களும் பழைய ஆட்டக்காரர்களும் ஆசையால்தான் செய்கிறார்கள். எழுதிவைத்த முறை என்று எதுவும் இல்லாததால் கண்ணில் பட்டதே குறிப்புப் புத்தகத்தில் ஏறுகிறது. முதலில் கண்ணில் படுவது உயரம். அடுத்தது எடுத்த புள்ளி. கார்ட் விஷயத்தில் இரண்டையும் நம்ப முடியாது. ஒரு கார்டை அளக்க வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையோடு ஆடும் மற்ற நான்கு பேரைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

உயரத்தைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் ஆள் தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்டிமீற்றர். வலைப்பந்துத் திடலில் அவர் நிற்பது வீதியால் போகிறவருக்கும் தெரியும். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் இலங்கைக்கு வந்ததில் அவருடைய பங்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வலைப்பந்தில் பந்தைப் பிடித்தபின் ஓட முடியாது. எதிரணியின் கைகள் எட்டாத உயரத்துக்கு, அவருடைய கைகள் மட்டும் எட்டும் உயரத்துக்கு, சரியான கணத்தில் யாரோ பந்தை எறிந்திருக்க வேண்டும். அந்த எறிதல்களைச் செய்தவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேருக்குச் சொல்ல வரும்? கூடைப்பந்தில் அவர்கள் செய்ததுதான் கார்டின் வேலை. நீங்கள் தேடிப் போவது அப்படி மறக்கப்படும் ஆளை.

புள்ளி ஏமாற்றுவதற்கு நம் ஊரிலேயே ஒரு காரணம் இருக்கிறது: காற்று. மே பிறந்தால் கற்பிட்டிப் பக்கம் தென்மேற்குக் காற்று பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெளிநாட்டவரையே வரவழைக்கும். திறந்தவெளிச் சீமெந்துத் தரையில், 6.75 மீற்றருக்கு அப்பாலிருந்து எறிந்த பந்து அந்தக் காற்றில் எங்கே போய் விழும் என்று எறிந்தவருக்கே தெரியாது. அங்கே மூன்று புள்ளி எறிதல் பத்தில் இரண்டுதான் விழுந்தது என்பதற்காக ஒரு பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். இதைவிடப் பெரிய ஏமாற்று வேறு. பலமில்லாத அணியில் ஒரே பிள்ளை பந்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தானே கொண்டுபோய் முப்பது புள்ளி எடுக்கும், பார்ப்பவர் மயங்கிப்போவார். பல்கலைக்கழக மட்டத்தில் எதிரே நிற்பவர்கள் பெரியவர்கள், வேகமானவர்கள். அந்த வழி அடைபட்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும் என்பதுதான் கேள்வி. அடுத்த திடலிலேயே இன்னொரு பிள்ளை ஆளில்லாத இடத்தில் நிற்கும் தோழனுக்குப் பன்னிரண்டு முறை பந்தைக் கொடுத்திருக்கும். தோழன் பத்தைத் தவறவிட்டிருப்பான். பந்து கூடையில் விழுந்தால்தான் அசிஸ்ட் என்று எழுதுவார்கள் என்பதால் தாளில் இரண்டே இரண்டு நிற்கும். ஆகவே தாளை நம்பாமல் நீங்களே எண்ணுங்கள். விழுந்ததோ விழவில்லையோ, தடுப்பாளர் இல்லாத எறிதல் எத்தனை முறை அந்தக் கையிலிருந்து பிறந்தது? பந்து தோழனின் நெஞ்சளவில் போய்ச் சேர்ந்ததா, அவன் முழங்காலுக்குக் குனிந்து எடுக்க வேண்டியிருந்ததா? இதை எந்தப் புள்ளித்தாளும் உங்களுக்குச் சொல்லாது.

உயரம் முக்கியமே இல்லையா என்று கேட்பார்கள். முக்கியம்தான், கூடை எல்லோருக்கும் 3.05 மீற்றரில்தான் தொங்குகிறது. மற்ற எல்லாம் சமமாக இருந்தால் உயரமான பிள்ளையையே எடுங்கள். 160 சென்டிமீற்றர் மக்சி போக்ஸ் என்பிஏயில் 14 பருவங்கள் ஆடினார் என்று உடனே உதாரணம் காட்டுவார்கள். ஆனால் ஒரு போக்ஸுக்குப் பின்னால் சரியான காரணத்தோடு ஒதுக்கப்பட்ட குட்டையானவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். விதிவிலக்கை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது. ஆனால் தேர்வாளரின் கண் எங்கே வழுக்கியது என்பதை விதிவிலக்கு காட்டிக்கொடுக்கும். கனடாவின் விக்டோரியாவில் பள்ளியில் ஆடிய ஸ்டீவ் நேஷுக்காக அவருடைய பயிற்றுவிப்பாளர் 30க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார். இடம் தந்தது சாந்தா கிளாரா ஒன்றுதான். 1993இல், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தேசியத் தொடரில், 15ஆம் தரவரிசையில் இடப்பட்ட அதே சாந்தா கிளாரா, நேஷோடு, 2ஆம் தரவரிசையில் இடப்பட்ட அரிசோனாவை வீழ்த்தியது. 2005, 2006 இரண்டு ஆண்டும் என்பிஏயின் மிகச் சிறந்த வீரர் நேஷ். ஸ்டீபன் கரியையும் பெரிய பல்கலைக்கழகங்கள் மெலிந்த உடம்பைப் பார்த்து விட்டுவிட்டன. அவர் சிறிய டேவிட்சனுக்குப் போனார். உடம்பு காலத்தோடு தேறலாம், எறிதலைத் திருத்திக் கொடுக்கலாம். ஆனால் நான்கு பேர் எங்கே ஓடப்போகிறார்கள் என்று அரைக் கணம் முன்னால் காணும் கண்ணைப் பத்தொன்பது வயதுக்குப் பிறகு ஊட்டுவது மிகவும் கடினம்.

ஒரு பிள்ளையை ஒரே ஓர் ஆட்டத்தில்தான் பார்க்கக் கிடைக்கிறது, இவ்வளவையும் எப்படி எண்ணுவது என்று நீங்கள் கேட்பது நியாயம். நாற்பது நிமிடமும் ஒரே எடை உள்ளவை அல்ல. எதிரணி முழுத் திடலிலும் நெருக்கும்போது பார்வையைக் கூர்மையாக்குங்கள். எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், இடது கை எவ்வளவு பழகியது என்பது அப்போது வெளிப்பட்டுவிடும். பந்தைப் பறிகொடுத்த அடுத்த கணத்தைப் பாருங்கள்: பிள்ளை திரும்பி ஓடுகிறதா, நடுவரைப் பார்த்துக் கை விரிக்கிறதா? பின்பு அந்தப் பிள்ளை வாங்கில் உட்காரும் இரண்டு மூன்று நிமிடம். பெரும்பாலானோர் அப்போதுதான் தேநீர் குடிக்கப் போவார்கள். மற்ற நால்வரும் திடீரென்று ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றால், வெளியே இருப்பவர் யார் என்று உங்களுக்குப் புரியும். எதுவும் மாறவில்லை என்றால், முப்பது புள்ளி எடுத்திருந்தாலும் குறிப்பை இரண்டாம் முறை யோசித்து எழுதுங்கள்.

இன்னொன்று, திடலுக்கு வெளியே. இங்கே கூடைப்பந்து மட்டும் பல்கலைக்கழக வாசலைத் திறக்காது. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டும், பிறகு இசட் புள்ளி. கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று என்பதால் நம் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. விளையாட்டுச் சாதனைக்கான விசேட அனுமதியும் உண்டு, ஆனால் அதற்கும் அந்த மூன்று சித்தி வேண்டும். பிள்ளையின் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கேட்டு உங்கள் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்றாவது பாடம் தடுமாறுகிறது என்றால் அதை வீட்டாரிடம் இப்போதே சொல்லுங்கள், முடிவுகள் வந்த பிறகு அல்ல.