கொடுக்கக் குறையாச் செல்வம்

பொன்னும் பொருளும் கொடுக்கக் குறையும். கல்வியோ கொடுக்குந்தோறும் வளரும். இவ்வுண்மையைச் சொல்லளவில் மறுப்பார் இலர். ஆயின், போட்டி என்று வந்தவிடத்து இதனைக் கைக்கொள்வார் சிலரே. இக்காலத்து மாணவர் பங்குபெறும் ரோபோப் போட்டிகள் இதற்கு ஓர் உரைகல்லாகும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பொறியியற் கல்லூரி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகின்றது. அங்கு மாணவர் நடத்தும் 'பிரக்யான்' விழாவில் ரோபோப் போட்டிகளும் இடம்பெறுவதுண்டு. ரோபோ என்பது தானே இயங்கும் பொறியாகும். அதற்கு உடல், நரம்பு, அறிவு என்னும் மூன்றும் உண்டு எனலாம். உடலின் அளவுகளைக் காட்டும் வரைபடம், நரம்பு போன்ற மின்சுற்றின் படம், அறிவு போன்ற நிரல் ஆகிய இவை கணினியில் கோப்புகளாக இருக்கும். இவற்றைப் பெற்றவர் அதே பொறியைத் தம் ஊரிலிருந்தே செய்துகொள்ளலாம். இக்கோப்புகளைப் பிறர்க்கு வழங்குவதா, மறைத்து வைப்பதா என்பதே வினா.

இவ்வினா புதியதன்று. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் வாழ்ந்தவர் இராமானுசர். அவர் திருக்கோட்டியூருக்குப் பலமுறை நடந்து சென்று நம்பியிடம் பெற்ற மறைபொருளை, தமக்குக் கேடு வரினும் வருக என்று துணிந்து, ஊரார் அனைவர்க்கும் எடுத்துரைத்தார் என வைணவ மரபு கூறும்.

திருச்சிராப்பள்ளியிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இளமையில் தண்டியலங்காரத்தைப் பாடங்கேட்க விரும்பினார். அந்நூலில் வல்ல பரதேசி ஒருவர் அந்நகரில் இருந்தார். அவரோ எளிதில் பாடஞ் சொல்பவரல்லர். அவர் வீடுதோறும் பிச்சைக்குச் செல்லுங்கால், பிள்ளை பின்தொடர்ந்து சென்று பணிவிடை செய்து பாடங்கேட்டார். இதனை அவர்தம் மாணவராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இவ்வாறு அரிதின் முயன்று பெற்ற கல்வியைப் பிள்ளை பூட்டி வைத்தாரல்லர். சாதி சமய வேறுபாடு கருதாது, சவராயலு நாயக்கர், குலாம் காதிறு நாவலர் முதலிய பலர்க்கும் வாரி வழங்கினார். தாம் பட்ட துன்பம் தம் மாணவர்க்கு நேராவண்ணம் காத்தமையே அவர்தம் பெருமையாகும்.

இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் 2005-ஆம் ஆண்டு, ஆசிரியர் சிலரும் மாணவரும் 'ஆர்டுயினோ' என்னும் மின்பலகையை உருவாக்கினர். அவர்தம் கல்விக்கூடம் மூடப்படும் நிலையில் இருந்தது. தம் உழைப்பும் அதனோடு அழிந்துவிடலாகாது எனக் கருதி, அதன் படங்களை யாவர்க்கும் பொதுவாக்கினர். கல்விக்கூடம் மறைந்தது, பலகை மறையவில்லை. உலகெங்கும் பள்ளி மாணவர் ரோபோ செய்யப் பயன்படுத்துவனவற்றுள் அதுவும் ஒன்றாயிற்று.

"கோப்புகளைக் கொடுத்தால் பரிசு கைவிட்டுப் போகாதோ?" எனச் சிலர் ஐயுறுவர். ரோபோக்கள் கால்பந்தாடும் 'ரோபோகப்' என்னும் உலகப் போட்டி 1997-ஆம் ஆண்டு ஜப்பானில் நகோயா நகரில் தொடங்கிற்று. அதில் ஜெர்மனியின் பிரேமன் நகரத்துப் 'பி-ஹியூமன்' குழு தன் பிரிவில் பலமுறை வாகை சூடியுள்ளது. அக்குழு தன் நிரலைப் போட்டிக்குப் பின் வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டது. அந்நிரலைக் கொண்டே பிற குழுக்கள் வளர்ந்தன. ஆயினும், அக்குழுவின் வெற்றி தொடர்ந்தது. நேற்றைய நிரலைப் பெற்றவரை வெல்ல இன்று மேலும் உழைக்க வேண்டுமன்றோ? அவ்வுழைப்பே அதற்கு வலிமை தந்தது.

பொருள் வளம் மிக்க பள்ளி, பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளும். சிற்றூர்ப் பள்ளி மாணவனுக்கோ, பிறர் வழங்கும் கோப்பே ஆசிரியராகும். அது மறைக்கப்படின், அறிவால் நடக்க வேண்டிய போட்டி பணத்தால் நடப்பதாகிவிடும்.

எனினும், பெறுவோர்க்கும் கடமைகள் உண்டு. பிறர் படைப்பைத் தமதென்று கூறுதல் களவாகும். ஆதலின், வழங்கியவர் பெயரை மறவாது குறித்தல் வேண்டும். உட்பொருளை உணராது படியெடுத்தல் பயனற்றது. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வாறு அமைந்தது என ஆராய்தல் வேண்டும். தாம் செய்த திருத்தத்தையும் பிறர்க்கு வழங்குதல் வேண்டும்.

இறைக்கின்ற கிணறே ஊறும். பெற்ற அறிவை மேலும் வளர்த்துப் பிறர்க்கு வழங்குவதே கற்றோர் கடனாகும்.